பயத்தின் சராசரி

பிப்ரவரி 2

இல்லை, பயம் என்ற சொல்லை முதலில் சொன்னது நான் அல்ல. அம்மா. போன ஜூனில், ரிசல்ட் வந்த அன்று, அடுப்படி வாசலில் நின்றுகொண்டு சொன்னாள்: "எம்புள்ள ஹால்ல பயந்துக்கிச்சு." யாரும் மறுக்கவில்லை. நானும்தான்.

எண்களை ஒருமுறை எழுதிவிடுகிறேன். என் தங்கை தாரணி, நீட் தேர்வுக்கு முன் கோச்சிங் சென்டரில் எழுதிய கடைசிப் பத்து மாதிரித் தேர்வுகளின் சராசரி 612. நிஜத் தேர்வில் வாங்கியது 498. மொத்தம் 720-க்கு. இடைவெளி 114. அதை எதைக் கொண்டாவது நிரப்ப வேண்டியிருந்தது. பயத்தைக் கொண்டு நிரப்பினோம்.

612 எடுப்பவள் என்பதால் கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பம் போடவில்லை. அவளுடைய பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு அது கிடைத்திருக்கும். கடைசித் தேதி, நீட் ரிசல்ட்டுக்கு முன்பே, ஒரு வியாழக்கிழமை. அன்று வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசக்கூட இல்லை.

இப்போது மறுபடி எழுதுகிறாள். அதே சென்டர். நானும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். நாமக்கல்லுக்கு வெளியே, கோழிப்பண்ணைகளைத் தாண்டி, நாலு மாடி. புள்ளியியல் எம்.எஸ்சி. முடித்தவளுக்கு இரண்டாம் மாடியில் 'டெஸ்ட் செல்' என்று ஓர் அறை. வினாத்தாளை அச்சுக்கு அனுப்புவேன். வட்டம் கறுக்கும் விடைத்தாள்களை ஸ்கேனரில் ஓட்டுவேன். ஞாயிறு மாலை ஒவ்வொரு பெற்றோருக்கும் வாட்ஸ்அப்பில் மதிப்பெண் அனுப்புவேன். அம்மாவுக்கும் நான்தான் அனுப்புகிறேன், பெற்றோர் என்ற முறையில். பக்கத்து அறையில் இருந்துகொண்டு, "மதிப்பிற்குரிய பெற்றோரே" என்று.

பிப்ரவரி 5

காஸ் தீர்ந்துவிட்டது. புதிய சிலிண்டர் மதியம்தான் வந்தது. லீவு சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

டைரக்டர் ஈஸ்வரமூர்த்தி சார் போன் செய்தார். புது நோட்டீஸ் அடிக்க வேண்டுமாம். போன வருடத்து மாணவர்கள் எல்லோருடைய மாதிரித் தேர்வுச் சராசரியையும் நிஜ மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு பட்டியல் வேண்டும் என்றார்.

"எல்லாருதுங்களா சார்?"

"மொதல்ல எல்லாருதும் போடு அம்மிணி. பொறவு நல்லதாப் பொறுக்கிக்கலாம்."

பிப்ரவரி 9

ஞாயிறு. தாரணி 634.

அம்மா வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டாள். "மண்டைல சரக்கு இருக்குது. அந்தப் பயம் ஒண்ணு மட்டும் போயிருச்சுன்னா போதும்" என்றாள். தாரணி இடது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள். அங்கே மந்திரித்த கயிறு. கருப்பு. தேர்வு ஹால் வாசலில் அதைக் கத்தரித்துவிடுவார்கள் என்று அவளுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அது வாசல் வரைக்கும் வந்தால் போதும் என்பது அம்மாவின் கணக்கு.

பிப்ரவரி 13

பட்டியல் முடிந்தது. 214 வரிசைகள். மூன்றாவதாக ஒரு நிரல் சேர்த்தேன், யாரும் கேட்காமலே. வித்தியாசம்.

கூடியவர்கள் பதினொரு பேர். மற்ற எல்லோருக்கும் குறைவு.

வழக்கமான பேட்ச் 195 பேர். வருடம் முழுக்கப் படித்தவர்கள், மாட்யூல் எனப்படும் பயிற்சிப் புத்தகங்கள் பதினாறையும் முடித்தவர்கள். அவர்களுக்குச் சராசரி இழப்பு 104.

மீதி 19 பேர் ஏப்ரலில் கடைசி மாதத்துக்கு மட்டும் வந்து சேர்ந்தவர்கள். மாட்யூலைத் தொடாதவர்கள். அவர்களுக்குச் சராசரி இழப்பு 9.

இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 195 பேர் ஒரே ஞாயிற்றுக்கிழமை, வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு ஹால்களில், ஏறக்குறைய ஒரே அளவு பயந்திருக்கிறார்கள். 19 பேர் பயப்படவே இல்லை.

பயத்துக்கு இப்படிச் சராசரி வராது.

பிப்ரவரி 14

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. வாங்க வேண்டியவை: தக்காளி, கொத்தமல்லி, ஸ்கேனருக்கு பிரஷ்.

பிப்ரவரி 15

அப்பாவின் வைத்தியம் வேறு மாதிரி. அவர் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். இரைச்சலில் வேலை செய்தே பழகியவர். ஆள் நடமாட்டம் உள்ள புது இடத்தில் உட்கார்ந்து எழுதிப் பழகினால் பயம் தெளிந்துவிடும் என்று நம்புகிறார். அவருடைய நண்பர் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேனேஜர். இன்று அங்கே மாலை வரவேற்பு. மத்தியானமே தாரணியைக் கூட்டிப் போனார். நானும் கேள்வித்தாள், விடைத்தாள், செல்போன் டைமர் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன்.

மேடையில் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். சீரியல் லைட் போடுகிறவர் ஏணியை அவள் மேசைக்குப் பக்கத்திலேயே சாய்த்தார். மைக்காரர் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிக்கொண்டே இருந்தார். தாரணி நிமிரவில்லை.

பந்தி மேசைகளுக்குக் காகிதம் விரித்துக்கொண்டிருந்த அம்மாள் என்னிடம் கேட்டார்: "பாப்பா என்னங்க எழுதுது? மொய் நோட்டா?"

"பரிச்சைங்க."

"கல்யாணத்துலயா? நல்ல புள்ளதான் போங்க. மாப்ள வீட்டுல கேட்டாங்கன்னா நாஞ் சொல்றேன், ரொம்பப் படிச்ச புள்ளைன்னு."

அப்பா வாசலில் வாட்ச்மேன் ஸ்டூலில் மூன்று மணிநேரமும் உட்கார்ந்திருந்தார்.

640. அவ்வளவு சத்தத்தில்.

"பாத்தியா, தெளிஞ்சிருச்சு" என்றார் அப்பா. தாரணி சிரித்தாள். இந்த வருடத்தில் அவள் பல் தெரியச் சிரித்தது இது இரண்டாவதோ மூன்றாவதோ.

நான் கொண்டுபோன கேள்வித்தாள் சென்டருடையது.

பிப்ரவரி 20

போன வருடத்துக் கடைசிப் பத்துத் தாள்களைத் திறந்து பார்த்தேன். எங்கள் கேள்விக் கிடங்கில் ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண் உண்டு. அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதை அந்த எண் சொல்லிவிடும். ஒரு தாளில் 180 கேள்விகள். முதல் நான்கு தாள்களில் மாட்யூலிலிருந்து எடுத்தவை முறையே 98, 103, 110, 107. அதற்குப் பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

விடைகளின் வரிசை மட்டும் மாற்றப்பட்டிருக்கிறது. மற்றபடி சொல்லுக்குச் சொல் அதே கேள்வி. நாலு மாதத்துக்கு முன் வீட்டுப்பாடமாகச் செய்து, தவறாகி, திருத்தி, சிவப்பு மையில் குறித்து வைத்த அதே கேள்வி. படித்த பிள்ளைக்கு முதல் வரியிலேயே பதில் வந்துவிடும். தெரிந்தது பதில்தான், பாடம் அல்ல. அந்த வேறுபாட்டை உள்ளிருந்து உணர முடியாது.

'தயாரித்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பத்துத் தாளிலும் ஒரே பெயர். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

பிப்ரவரி 21

பட்டியலை டைரக்டர் சாரிடம் கொடுத்தேன். அவர் கூடியவர்களின் பதினொரு பெயரைப் பச்சை மார்க்கரால் அடித்தார். "இவங்க போட்டோ இருக்குதான்னு பாரு."

"சார், நூத்தித் தொண்ணூத்தஞ்சு பேருக்கு நூறு மார்க் கொறையுதுங்க."

"கொறையத்தான் செய்யும். நெஜப் பரிச்சைன்னா பயமிருக்காதா?"

"லேட்டா வந்தவங்களுக்குக் கொறையலைங்களே சார். மாட்யூல் கேள்வியே பாதிக்கு மேல டெஸ்ட்ல வருதுங்க. அதனாலதான்."

அவர் மார்க்கரை மூடினார். கோபப்படவில்லை. அவர் கெட்டவர் அல்ல. பிசிக்ஸ் வாத்தியாராக இருந்தவர். இன்றும் ஹாஸ்டலில் காய்ச்சல் என்றால் அவரே காரில் ஏற்றிக்கொண்டு போகிறார்.

"இங்க பாரு அம்மிணி. மொத வருசம் நாங்க புதுக் கேள்வியாத்தான் போட்டோம். எல்லாம் நானூறு, நானூத்திப் பத்து. மூணாவது டெஸ்ட்டுக்குப் பாதிப் புள்ளைங்க வயித்து வலின்னு படுத்துக்கிச்சு. நாலாவது டெஸ்ட்டுக்கு அப்பங்காரன் பெட்டிய எடுத்துட்டுப் போயிட்டான். நம்பிக்கை குடுக்குறதும் கோச்சிங்ல ஒரு பாடந்தான்."

"வீட்டுல அத நம்பி வேற எதுக்கும் அப்ளிகேசன் போட மாட்டேங்கறாங்க சார்."

"இதெல்லாம் இப்பத்தான் தெரிஞ்ச மாதிரிப் பேசறியே. பாதி மாட்யூல்லருந்து எடுன்னு நாஞ் சொன்னேன், செரி. ஒவ்வொண்ணாப் பொறுக்கிப் போட்டது யாரு? ரெண்டு வருசமா நீதான பேப்பர் போடற?"

ஆமாம்.

பிப்ரவரி 22

ஆமாம் என்பதை நேற்று எழுதிவிட்டேன். அதனால் இதையும் எழுதலாம். பொறுக்கும்போது தெரியும். வேலை சுலபமாக இருந்தது, அதனால் தெரிந்ததை நினைக்காமல் இருந்தேன். தாரணி 498 வாங்கிய அன்று காரணம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்மா பயம் என்றதும் ஒரு நிம்மதி வந்தது. அது அவளுக்காக வந்த நிம்மதி என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 23

ஞாயிறு. தாரணி 638. அனுப்பினேன்.

மார்ச் 2

சொன்னேன்.

தாரணி டெஸ்ட் முடிந்து வந்து மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் வாளியிலிருந்து எடுத்துப் பிழிந்து கொடுத்தேன். அப்பாவின் பட்டறைச் சட்டைகள். தோள்பட்டையில் பொறி பட்டுச் சின்னச் சின்ன ஓட்டை.

"தாரணி, போன வருசம் நீ பயப்படல."

"நீ வேற. கைகாலெல்லாம் நடுங்கிச்சுக்கா."

"எல்லாருக்கும்தான் நடுங்கும். அதுக்கு நூத்திப்பதினாலு மார்க் போவாது."

பட்டியலைச் சொன்னேன். 195. 19. மாட்யூல். பாதிக்கு மேல். நான்தான் எடுத்தேன் என்பதையும் சொன்னேன். அவள் சட்டையைக் கொடியில் போட்டு, கிளிப் மாட்டி, இன்னொரு கிளிப்பும் மாட்டினாள்.

"அப்ப 612?"

"அது மாட்யூல் ஞாபகம். நெஜமா உன்னோட மார்க் 498-தான். பயந்ததால கொறைஞ்சதில்ல."

அவள் முகம் தெளியும் என்று எதிர்பார்த்திருந்தேன். ஒன்பது மாதமாகத் தன்னைக் கோழை என்று நினைத்துக்கொண்டிருந்தவள்.

"ஏன்க்கா சொன்ன?" என்றாள். "பயம்னா ஒருநா போயிரும்னு நெனச்சிருந்தேன். போனா 612 வந்துரும். அது உள்ளாற இருக்குதுன்னு இருந்தேன். இப்ப உள்ளாற ஒண்ணுமே இல்லைங்கற."

"ஒண்ணுமே இல்லைன்னு சொல்லல."

"640ம் பொய்யி. அந்த மண்டபத்துல எழுதினது."

"ஆமா."

"அப்பா ஸ்டூல்ல உக்காந்துட்டிருந்தாரு."

வாளியை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். அதில் இன்னும் இரண்டு துண்டு இருந்தது.

மார்ச் 4

பேசவில்லை.

மார்ச் 5

பேசவில்லை. என் டிபன் டப்பாவில் அவள் பங்கு ஊறுகாயையும் வைத்திருந்தாள். கோபம் தீர்ந்ததா, அம்மா வைத்ததா, தெரியவில்லை.

மார்ச் 8

மாதிரித் தேர்வு மதிப்பெண் என்பது ஒரு மதிப்பீடு. மதிப்பீட்டில் பிழை இருப்பது இயல்பு. ஆனால் பிழைகள் இரண்டு பக்கமும் விழ வேண்டும். எல்லாம் ஒரே பக்கம் விழுந்தால் யாரோ தராசில் கை வைத்திருக்கிறார்கள். இதை எம்.எஸ்சி. முதல் பருவத்தில் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

மார்ச் 10

தாரணி வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"மாட்யூல்ல இல்லாத கேள்வி. நூத்தியெம்பது. உன்னால எடுக்க முடியுமா?"

"முடியும்."

"ஈசியாப் போட்டுத் தொலைக்காத. பாவம்னு நெனச்சுட்டு."

மார்ச் 14

நான்கு நாட்கள் மாவட்ட நூலகத்தில் பழைய தொகுப்புகளைத் தேடினேன். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி கணக்குகளில் எண்களையும் கேட்கும் விதத்தையும் மாற்றினேன். உயிரியலுக்குப் பாடப்புத்தகத்தில் யாரும் அடிக்கோடு போடாத வரிகளாகத் தேடினேன். ஒரு தாள் தயாரிப்பது இவ்வளவு வேலை என்று இப்போதுதான் தெரிகிறது.

மார்ச் 15

சனி. வீட்டில், மின்விசிறிக்குக் கீழே, அவளுடைய மேசையில் எழுதினாள். நடுவில் ஒருமுறை காப்பி. கயிறு கட்டியிருந்தாள். நானே திருத்தினேன், இரண்டு முறை.

487.

தாளை வாங்கிப் பார்த்தாள். தவறானவற்றை விரல் வைத்து எண்ணினாள். பிறகு ஒரு மாதிரி சிரித்தாள்.

"காப்பி குடிச்சுக்கிட்டு, கால் மேல கால் போட்டுக்கிட்டு எழுதியே 487. அப்ப போன வருசம் அந்த ஹால்ல, கம்மலக் கழட்டி, ஊக்கக் கழட்டி, கூட பதினொரு மார்க் எடுத்திருக்கறேன்."

"ஆமா."

"நான் பயந்தவ இல்லியேக்கா."

"இல்ல."

அழுதாள். பிறகு, தாவரவியலில் மட்டும் இருபத்திரண்டு தவறு, அதில் பதினாறு இரண்டே பாடத்திலிருந்து என்று அவளே கண்டுபிடித்தாள். அந்தப் பாடங்களில் இத்தனை நாள் எல்லாம் சரியாக வந்ததால் திருப்பிப் படிக்கவே இல்லையாம். புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மார்ச் 16

ஞாயிறு. சென்டரில் 645. வீட்டுக்கு அனுப்பினேன். அம்மா கோயிலுக்குப் போனாள்.

மார்ச் 22

வீட்டுத் தாள்: 502.

மார்ச் 29

519. தாவரவியலில் தவறு ஒன்பது.

மாலையில் இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். தாரணி கிரைண்டர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சுமையாவுக்கு எப்பச் சொல்லப் போற?"

சுமையா அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். சென்டரில் 651 எடுப்பவள்.

"டைரக்டர் சார்கிட்ட புதுப் பேப்பர் போடலாம்னு திரும்பக் கேட்டேன். பரிச்சைக்கு அஞ்சு வாரம் இருக்கறப்ப புள்ளைங்கள ஒடைக்கக் கூடாதுங்கறாரு."

"என்னைய ஒடச்சல்ல?"

"நீ என் தங்கச்சி."

"அதுக்குத்தாங் கேக்கறேன். தங்கச்சிக்கு மட்டும் நெஜம். மத்தவங்களுக்கு மதிப்பிற்குரிய பெற்றோரேவா? அவளும் டெஸ்ட்ல சரியா வருதுன்னு தெரியாத பாடத்தத் திருப்பிப் படிக்காம விட்டுட்டிருக்கறாக்கா. அவங்கம்மா வேற எதுக்கும் அப்ளிகேசன் போட வேண்டாம்னுட்டாங்க."

கிரைண்டரில் தண்ணீர் ஊற்றினேன். அதிகமாகிவிட்டது.

மார்ச் 30

ஞாயிறு. இந்த வருடத்து 231 பேருடைய மதிப்பெண்களையும் அனுப்பினேன். வழக்கம் போல.

ஏப்ரல் 2

உண்மையை எல்லாப் பெற்றோருக்கும் அனுப்பினால் என்ன ஆகும் என்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். வேலை போகும். சிலர் அழுவார்கள். சிலர் படுத்துக்கொள்வார்கள், டைரக்டர் சார் சொன்னது பொய் அல்ல. அனுப்பாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எழுதிப் பார்க்க வேண்டியதில்லை. அதற்கு ஏற்கெனவே 195 வரிசைகள் இருக்கின்றன.

ஏப்ரல் 4

தாரணி அம்மாவிடம் சொல்லிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் பயப்படலம்மா. எனக்குப் பாதி தெரியல. அவ்வளவுதான்."

அம்மாவுக்குப் புரிய நேரமாயிற்று. நான் இடையில் புகுந்து விளக்க வாயெடுத்தேன். தாரணி கையைக் காட்டி நிறுத்தினாள். அவளே முழுதும் சொன்னாள். 487, 502, 519. மே மாதம் கால்நடைக்கு அப்ளிகேஷன் போடப் போவதையும் சொன்னாள். நீட்டும் எழுதுவாள். இரண்டும்.

அம்மா புளித்தண்ணீரிலிருந்து கையை எடுக்கவே இல்லை. "பயந்தாங்கொள்ளி, பயந்தாங்கொள்ளின்னு ஊர் பூராச் சொல்லிட்டு வந்தனே, சாமி" என்றாள். "உங்க சின்னம்மாகிட்டச் சொன்னேன். பால்காரர்கிட்டக்கூடச் சொன்னேன்."

"பால்காரருக்கு எதுக்கும்மா சொன்ன?"

"அவரு புள்ளைக்கும் பயம்னாரு. கயிறு எங்க கட்டறதுன்னு கேட்டாரு."

தாரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கு வரவில்லை. என்னைப் பார்த்தாள். யார் தாள் தயாரித்தது என்பதை மட்டும் தாரணி அவளிடம் சொல்லாமல் விட்டிருந்தாள்.

நான் சொன்னேன்.

அம்மா கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனாள். ரசம் நான்தான் வைத்தேன்.

ஏப்ரல் 6

ஞாயிறு. டெஸ்ட் முடிந்து நான்கு மணிக்கு ஸ்கேனர் ஓட்டி முடித்தேன். தாரணி 641, சுமையா 655. மதிப்பெண்கள் தயார். டைரக்டர் சார் சேலத்தில் ஒரு விழாவுக்குப் போயிருக்கிறார்.

ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் கீழே இதைச் சேர்த்தேன்:

"இந்தத் தேர்வில் பாதிக்கு மேற்பட்ட கேள்விகள் மாணவர்கள் ஏற்கெனவே மாட்யூலில் செய்தவை. சென்ற ஆண்டு இத்தகைய தேர்வுகளின் சராசரியைவிட நீட் தேர்வில் நம் வழக்கமான பேட்ச் மாணவர்கள் சராசரியாக 104 மதிப்பெண் குறைவாகப் பெற்றனர். அது பயத்தினால் அல்ல. இன்னும் நான்கு வாரங்கள் உள்ளன. செய்யாத கேள்விகளைக் கொண்டு ஒரு தாள் இத்துடன் இணைத்துள்ளேன். வீட்டில் எழுதச் சொல்லுங்கள். அதில் வரும் தவறுகளை மட்டும் படித்தால் போதும். மற்ற படிப்புகளுக்கும் விண்ணப்பியுங்கள்."

ஒரு முறை படித்தேன். 'அது பயத்தினால் அல்ல' என்பதைத் தனி வரியாக்கினேன். தாரணி முதலில் எழுதிய தாளை, 487 வந்த தாளை, விடைகளோடு இணைத்தேன்.

231 எண்களுக்கும் அனுப்பினேன். போன்கள் வருவதற்குள் சாப்பிட்டுவிடலாம் என்று டிபன் டப்பாவைத் திறந்தேன்.